வினையன்று, நோயே

மனிதரை வருத்தும் நோய்களுள் பல உடலின் உள்ளே மறைந்திருப்பவை. தோல்நோயோ பிறர் கண்ணுக்கு முதலில் புலப்படுவது. ஆதலின், தோல்நோயாளர் நோயின் துன்பத்தோடு, பிறர் பார்வையால் விளையும் துன்பத்தையும் சேர்த்தே சுமந்தனர். இதனைத் தொழுநோயின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தமிழிலக்கியம் இந்நோயை நெடுங்காலமாக அறியும். நாலடியாரின் 'தீவினையச்சம்' என்னும் அதிகாரம், முற்பிறப்பில் நண்டின் காலை முறித்துத் தின்றவர்க்கு இப்பிறப்பில் விரல்கள் அழுகும் தொழுநோய் வந்து சேரும் என்று கூறும். உயிர்க்கொலையைத் தடுக்க எழுந்த அறவுரை அது. ஆயினும், விரலிழந்தவன் வினை செய்தவன் என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றியது. நோய்க்கு மருந்து தேடலாம். வினைக்கு யார் மருந்து தேடுவார்?

சிராங்கூனில் ஏழையர் மருத்துவமனை

தமிழர் கடல் கடந்தபோது இவ்வச்சமும் உடன் வந்தது. வணிகர் டான் டொக் செங் வழங்கிய 7,000 வெள்ளியைக் கொண்டு, 1844இல் ஏழையர் மருத்துவமனை ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1860களின் தொடக்கத்தில் அது சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் கூடும் சதுப்புநிலப் பகுதிக்கு மாறியது. ஆறாப் புண்களோடு வந்த உழைப்பாளரும் ஆதரவற்றோரும் அங்கே அடைக்கலம் தேடினர். 1909இல் அம்மருத்துவமனை மோல்மீன் சாலைக்கு இடம் பெயர்ந்தது.

தொழுநோயாளர்க்கோ மருத்துவத்தினும் ஒதுக்கமே முதலில் விதிக்கப்பட்டது. நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்த ஆண் நோயாளர் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவுக்கு அனுப்பப்பட்டனர். சிங்கப்பூரிலேயே இயோ சூ காங் பகுதியில் டிரஃபால்கர் இல்லம் அமைந்தது. நீரடிமுத்து எண்ணெயை ஊசிவழி செலுத்துவதே அக்காலத்தில் உலகெங்கும் கையாளப்பட்ட மருத்துவம். அதன் பயன் சிறிது. ஊசியின் வலி பெரிது.

செங்கற்பட்டில் ஒரு தோல் மருத்துவர்

இந்நிலையை மாற்றிய முயற்சிகளுள் முதன்மையான ஒன்று, சிராங்கூன் தமிழரின் தாய்நிலமாகிய தமிழகத்திலேயே நடந்தது. ராபர்ட் காக்ரேன் 1899இல் சீனாவில் மருத்துவத் தொண்டர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தோல் மருத்துவத்தில் பெயர் பெற்றவர். 1930களில் அவர் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். 1940களில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை வழிநடத்தும் பணியும் அவரைச் சேர்ந்தது.

1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்துவிட்டார். எனினும் அதனை வெல்லும் மருந்து கிடைக்கவில்லை. 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் ஃபாகே என்பார், சல்ஃபோன் வகையைச் சேர்ந்த புரோமின் என்னும் மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். அதன் விலை எளியோர்க்கு எட்டாதது. அதே வகையின் மூலப்பொருளாகிய டாப்சோன் மிக மலிவானது. ஆயின் நச்சுத்தன்மை மிக்கதென்று பலரும் அதனை ஒதுக்கியிருந்தனர். காக்ரேன் அதனைச் சிறிய அளவில், ஊசிவழியே கொடுத்துச் செங்கற்பட்டில் ஆய்ந்தார். பின்னர் டாப்சோன் மாத்திரையாகி, ஏழை நாடுகளின் தொழுநோய் மருத்துவத்திற்கு அடித்தளமாயிற்று.

விரல்கள் ஏன் குறைந்தன?

1947இல் கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு செங்கற்பட்டுக்கு வந்தார். நோயாளரின் மடங்கிய கைகளைக் கண்டு, அதன் காரணம் வினவினார். காக்ரேன் தமக்குத் தெரிந்தது தோலே என்றும், கைகளை ஆராய்தல் எலும்பும் தசையும் அறிந்தவரின் கடமை என்றும் கூறி, அப்பணியை அவரிடமே ஒப்படைத்தார். தம் அறிவின் எல்லையை அறிந்திருந்த மருத்துவரின் பண்பு அது.

மடங்கிய விரல்களையுடைய நோயாளி ஒருவர் பிராண்டின் கையை இறுகப் பற்றினார். அப்பிடியின் வன்மை, தசைகள் முற்றும் அழிந்துவிடவில்லை என்பதைக் காட்டியது. 1948இல் வேலூரில் தசைநாண்களை இடம் மாற்றிக் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவம் தொடங்கியது. விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை என்பதும் நாளடைவில் தெளிவாயிற்று. கிருமி நரம்பைத் தாக்குவதால் உணர்ச்சி மறைகிறது. சுடுகலத்தைப் பற்றினும், காலில் முள் தைப்பினும், உறக்கத்தில் எலி கடிப்பினும் நோயாளி அறிவதில்லை. காக்கப்படாத புண் முற்றி விரலைக் குறைக்கிறது. நண்டின் காலுக்கும் மனிதரின் விரலுக்கும் இடையே கட்டப்பட்ட வினைக்கதை இவ்வாறு அவிழ்ந்தது.

1981இல் உலகச் சுகாதார நிறுவனம் டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் ஆகியவற்றைக் கூட்டாக வழங்கும் முறையைப் பரிந்துரைத்தது. இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகும் நோய். மாந்தருள் மிகப் பெரும்பாலோர்க்கு இதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு.

மிடில் சாலையிலிருந்து மண்டலே சாலைக்கு

சிங்கப்பூரிலும் தோல் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது. போருக்குமுன் ஜப்பானியர் நடத்திய மருத்துவமனை, போருக்குப்பின் மிடில் ரோடு மருத்துவமனையாகி, தோல்நோய்க்கும் பால்வினை நோய்க்கும் உரியதாயிற்று. அங்கே செல்வதைப் பிறர் காணலாகாதென அஞ்சியோர் பலர். 1988இல் அது மூடப்பட்டு, மண்டலே சாலையில் தேசியத் தோல் நிலையம் திறக்கப்பெற்றது. சிராங்கூனுக்குத் தொலைவில் இல்லாத அந்நிலையத்தில், இன்று முகப்பருவுக்கும் படர்தாமரைக்கும் மக்கள் கூச்சமின்றி மருத்துவம் பெறுகின்றனர்.

இவ்வரலாறு தோலைக் காக்கும் முறையையும் கற்பிக்கிறது. வெயிலும் ஈரமும் மிகுந்த இந்நாட்டில் வியர்வை தங்காத பருத்தியாடை நன்று. குளித்தபின் விரலிடுக்குகளை உலரத் துடைத்தல் வேண்டும். படர்தாமரைக்குக் கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தாமே பூசினால், அரிப்பு அடங்கும், நோயோ பரவும். உணர்ச்சி குன்றிய வெளிறிய தேமலைக் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

தொழுநோயாளர்க்கு நாள்தோறும் கால்களை ஆராய்ந்து பார்க்கவும், வறண்ட தோலை நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவவும் பயிற்சி அளிக்கப்பட்டது. பாதத்தை நாளும் ஆராயும் அப்பழக்கம், நீரிழிவால் பாதவுணர்ச்சி குன்றியோர்க்கும் இன்று உயிர்நாடியாக விளங்குகிறது. ஆனால் அவர்கள் கால்களை நீரில் ஊறவைத்தல் கூடாது. மெல்லக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு நீங்கலாக ஈரப்பசைக் களிம்பு பூசுதல் போதும்.

மருந்து கிருமியைக் கொல்லும். ஒதுக்கும் மனத்தைக் கொல்லும் மருந்து கல்வியே. நாலடியாரின் அச்செய்யுளை வகுப்பில் பயிற்றும் ஆசிரியர், அதன் அறத்தை விளக்குவதோடு விரல்கள் குறைந்த உண்மைக் காரணத்தையும் உரைப்பாராயின், செங்கற்பட்டில் தொடங்கிய பணி இங்கும் தொடரும்.