வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே எல்லை: ஜார்ஜியாவில் என்ன நடக்குது?

காலையில எழுந்து பார்க்கிறீங்க. உங்க வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே முள்வேலி! ஜார்ஜியாவில் தெற்கு ஒசேத்தியாவை ஒட்டிய கிராமங்களில் இது நிஜம்.

ஏன்?
2008 ஆகஸ்டில் 5 நாள் போர். பிறகு தெற்கு ஒசேத்தியாவையும் அப்காசியாவையும் தனி நாடுகளாக அங்கீகரித்த ரஷ்யா, படைகளை அங்கேயே நிறுத்தியது. ஜார்ஜியாவின் சுமார் 20% நிலம் இது.

மக்களுக்கு என்ன பாதிப்பு?
பழத்தோட்டம், மேய்ச்சல் நிலம், கல்லறை எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம். பல இடங்களில் வேலியே கிடையாது. மாட்டைத் தேடிப் போனாலும் ‘எல்லை தாண்டினாய்’ எனக் கைதாகலாம். 2019 செப்டம்பரில் அகல்கோரி பாதை மூடப்பட்டதும், பென்ஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக முடியாமல் முதியவர்கள் தவித்தார்கள்.

யார் கேட்பது?
ஐரோப்பிய யூனியன் கண்காணிப்புக் குழு 2008 அக்டோபரிலிருந்து ரோந்து போகிறது. ஆனால் ஆயுதம் கிடையாது. மறுபக்கம் நுழைய அனுமதியும் இல்லை. யாராவது பிடிபட்டால், ஹாட்லைனில் பேசுவது ஒரு வழி.