லீவுக்கு சென்னையில் ரூம் கிடைக்கலையா? சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தங்கினால் செலவு குறையுமா?

அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அடுத்து பொங்கல். டிசம்பர் கடைசியில் இருந்து ஜனவரி பாதி வரை சென்னையில் ரூம் தேடுவதே பெரிய வேலை. இசை விழா, புத்தகக் கண்காட்சிக்கு வருபவர்களும் சேர, எழும்பூர், திருவல்லிக்கேணி, பெரியமேடு லாட்ஜ்கள் சீக்கிரமே நிரம்பிவிடும். மிச்சம் இருக்கும் ரூம்களின் வாடகையும் ஏறிவிடும். பட்ஜெட்டுக்குள் தங்க என்ன வழி?

ஏன் சிங்கப்பெருமாள் கோவில்?

சென்னை கடற்கரை - செங்கல்பட்டு புறநகர் ரயில் பாதையில், ஜிஎஸ்டி சாலையை ஒட்டி இருக்கும் ஊர் இது. ஒரகடம் போகும் சாலை இங்கிருந்துதான் பிரிகிறது. இந்தப் பக்கத்து லாட்ஜ்களுக்கு வருபவர்களில் பலர் தொழிற்சாலை வேலையாக வருபவர்களும், கல்யாணத்துக்கு வருபவர்களும்தான். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. பொங்கலுக்கு தொழிற்சாலைகள் லீவு. அதனால் சென்னையில் கூட்டம் அலைமோதும்போது, இங்கே ரூம் கிடைக்க வாய்ப்பு அதிகம். வைகுண்ட ஏகாதசி நாளில் மட்டும் பாடலாத்ரி நரசிம்மர் கோயிலுக்கு கூட்டம் வரும். அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படி வருவது?

தென் மாவட்டங்களில் இருந்து ஜிஎஸ்டி சாலை வழியாக வரும் பஸ்கள், கிளாம்பாக்கத்துக்கு முன்பே இந்த ஊரைத் தாண்டித்தான் போகும். இங்கே நிற்குமா என ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. நிற்காது என்றால், கிளாம்பாக்கத்தில் இறங்கி செங்கல்பட்டு பஸ்ஸில் திரும்பி வரலாம்.

கணக்கு எப்படி போடுவது?

இங்கிருந்து எழும்பூருக்கு புறநகர் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். சாதாரண ரயிலில் இரண்டாம் வகுப்பு டிக்கெட் ஒருவருக்கு 20 ரூபாயைத் தாண்டாது. 4 பேர் போய் வர 160 ரூபாய்க்குள் முடியும். சென்னை ரூமுக்கும் இங்கத்து ரூமுக்கும் வாடகை வித்தியாசம் அதைவிட அதிகமாக இருந்தால் பணம் மிச்சம். ஆனால் தினமும் 3 மணி நேரம் பயணத்தில் போகும். வயதானவர்கள், கைக்குழந்தை இருந்தால் யோசிக்கணும். ராத்திரி கடைசி ரயிலைத் தவறவிட்டால், மிச்சம் பிடித்தது எல்லாம் டாக்ஸிக்கே போய்விடும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை கிளம்பும்போதே பார்த்து வையுங்கள்.

ஒரே ஒரு ராத்திரி தங்கணுமா?

சென்ட்ரல், எழும்பூர் ரயில் நிலையங்களில் உள்ள ஓய்வறைகளை ஐஆர்சிடிசி மூலம் முன்பதிவு செய்யலாம். கன்ஃபர்ம் அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் வேண்டும். புறநகர் ரயில் டிக்கெட்டில் பிஎன்ஆர் இருக்காது என்பதால் அதை வைத்து எடுக்க முடியாது. தேர்வு, நேர்காணல், வேலைக்காக தனியாக வரும் பெண்கள், தாம்பரம், கூடுவாஞ்சேரியில் உள்ள அரசின் 'தோழி' விடுதிகளில் சில நாள் தங்க இடம் இருக்கிறதா என விசாரிக்கலாம்.

வரி எவ்வளவு?

நாளுக்கு 1,000 ரூபாய் வரையான ரூமுக்கு ஜிஎஸ்டி இல்லை என்ற சலுகை 2022 ஜூலை 18-ல் முடிந்துவிட்டது. அப்போது 12% வரி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையான ரூமுக்கு 5%. அதாவது 1,200 ரூபாய் ரூமுக்கு வரி 60 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இல்லாத லாட்ஜ், வரி என்று தனியாக வாங்கக் கூடாது. பில்லில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அட்வான்ஸ் கட்டும் முன்...

ரூம் கிடைக்காத பதற்றம்தான் மோசடிக்காரர்களின் முதலீடு. ஹோட்டல் பெயரில் போலி இணையதளம், போலி வாட்ஸ்அப் எண் வைத்து பணம் பறிப்பது பற்றி மத்திய உள்துறை அமைச்சகம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. தேடலில் வந்த எண்ணுக்கு உடனே பணம் அனுப்ப வேண்டாம். உள்ளூரில் தெரிந்தவர் இருந்தால் நேரில் பார்த்துவரச் சொல்லுங்கள். முழுத் தொகையையும் முன்பே கேட்டாலோ, தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலோ உஷாராகிவிடுங்கள். ஆதார் நகல் கேட்டால், முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.