நொல்லே கண்ட நீர்த்தூவல்

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸ் மாநகரின் அறிஞர் அவைகளில் மின்சாரமே பேச்சாக இருந்தது. சுழலும் கண்ணாடி உருண்டையைக் கையால் தேய்த்து மின்னூட்டம் உண்டாக்கிய காலம் அது. அத்துறையில் முன்னணியில் நின்றவர் ழான் அந்துவான் நொல்லே (1700–1770). எளிய குடும்பத்தில் பிறந்து, இறையியல் பயின்று, திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். குருப்பட்டம் பெறாமல் இயற்பியல் ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்டபோதும், 'அபே' என்னும் திருநிலையினருக்குரிய பெயராலேயே இறுதிவரை அழைக்கப்பட்டார்.

நுண்ணிய குழாய் வழியே நீர் சொட்டும் பாத்திரம் ஒன்றிற்கு அவர் மின்னூட்டினார். துளித்துளியாய் விழுந்த நீர் உடனே வேகமுற்று, மெல்லிய இழைகளாகப் பிரிந்து, விசிறிபோல் விரிந்து தெறித்தது. முன்னரே 1600-இல், வில்லியம் கில்பர்ட் என்னும் ஆங்கில மருத்துவர், தேய்த்த அம்பரை அருகே கொண்டுசென்றால் நீர்த்துளி கூம்பாக எழும்புவதைக் குறித்து வைத்திருந்தார். நொல்லே அந்நீர் தூவலாக மாறுவதையே கண்டார்.

கண்டதற்கு அவர் தந்த விளக்கம் நிலைக்கவில்லை. பொருள்களிலிருந்து வெளியேறுவதும் அவற்றை வந்தடைவதுமான இரு மின்னோட்டங்கள் உண்டென்று அவர் கற்பித்தார். பெஞ்சமின் பிராங்கிளினின் கருத்துக்கு முன் அக்கொள்கை மெல்லத் தோற்றது. ஆயினும் நொல்லேயின் நேர்மையை எவரும் ஐயுற இயலாது. கண்ணாடிக் குழாயில் அடைத்த மருந்து, மின்னூட்டத்தால் கண்ணாடியையும் கடந்து நோயாளியைக் குணமாக்குகிறது என்று இத்தாலியில் பேசப்பட்டபோது, 1749-இல் அவரே அங்குச் சென்றார். அற்புதம் எனப்பட்டதை நேரில் சோதித்து, அது மெய்ப்பிக்கப்படவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். விசுவாசம் உண்மைக்கு அஞ்சுவதில்லை என்பதற்கு இவர் சான்று.

நீர் தெறிப்பதன் காரணம் பின்னரே தெளிவாயிற்று. நீரின் பரப்பு இழுவிசை துளியை இறுகப் பிணைத்து வைக்கிறது. ஒத்த மின்னூட்டங்களோ ஒன்றையொன்று விலக்குகின்றன. விலக்கும் விசை ஓங்கும்போது துளி தன்னைத் தாங்காது. எவ்வளவு மின்னூட்டத்தை ஒரு துளி தாங்கும் என்று 1882-இல் ரேலி பிரபு கணக்கிட்டார். 1914 முதல் ஜான் ஜெலெனி இத்தூவலை முறையாக ஆராய்ந்தார். 1964-இல் ஜெப்ரி டெய்லர், குழாய்முனையில் தோன்றும் கூம்பின் அரைக்கோணம் 49.3 பாகை எனக் கணித்தார்.

தண்ணீரைத் தூவுவதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. அதன் பரப்பு இழுவிசை மிகுதி. ஆகவே அகன்ற குழாயில், நீர் சிதறுவதற்கு முன்பே காற்றில் மின்பொறி பாய்ந்துவிடக்கூடும். முனை குறுகக் குறுக, குறைந்த மின்னழுத்தமே போதுமானதாகிறது. எனவேதான் இன்று சிலிக்கான் தகட்டில், தலைமயிரினும் மெல்லிய முனைகளைச் செதுக்கிப் பயன்படுத்துகின்றனர்.

பயன் எங்கே? அமெரிக்கரான ஜான் பென் இத்தூவலைக் கொண்டு பெரிய புரத மூலக்கூறுகளைச் சிதைக்காமல் மின்னூட்டி, எடைபோட வழி கண்டார். 2002-இல், தம் 85-ஆம் வயதில், வேதியியல் நொபெல் பரிசைப் பிறருடன் பகிர்ந்துகொண்டார். இன்று பல நாடுகளில், பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த சில இரத்தத் துளிகளை இம்முறையால் சோதித்து, மறைந்திருக்கும் பிறவிக் குறைகளைக் காலத்தே கண்டறிகின்றனர். தக்க உணவும் மருந்தும் அளித்து அக்குழந்தைகள் பலரைக் காக்கவும் முடிகிறது.

இப்பயனை நொல்லே கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். பெருமையுடன் அவர் கட்டிக் காத்த கொள்கை இன்று நூல்களின் அடிக்குறிப்பாய் ஒடுங்கிவிட்டது. சொட்டும் நீரைக் கூர்ந்து நோக்கி, உள்ளதை உள்ளவாறு எழுதிவைத்த அந்தச் சிறு பணியோ இன்றும் தொட்டில்கள் அருகே உயிர் காக்கிறது. நம் கருத்துகளை உயர்த்திப் பிடிக்கும் வேளையில், நம் கண்முன் உள்ளதை உண்மையாய்ப் பதிவுசெய்யவும் மறவாதிருப்போம்.