இருபத்தெட்டுக்கு ஒண்ணரை

"மாமா, ஐம்பதாயிரத்துக்குள்ள ஒரு ரோடு பைக் வாங்கணும். நல்லா வேகமாப் போகணும். ஆனா முதுகு வலிக்கக் கூடாது. எதை வாங்கட்டும்?"

தஞ்சாவூரிலிருந்து அக்கா மகன் போன் பண்ணிக் கேட்டான். பைக் என்றதும் மோட்டார் சைக்கிள் என்று நினைத்துவிடாதீர்கள். சாட்சாத் மிதிக்கிற சைக்கிள்தான்! ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரோடு, விடியற்காலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சிலர் பறக்கிறார்களே, அந்த ரகம். அதற்கு ஐம்பதாயிரமா என்று வாயைப் பிளக்க வேண்டாம். லட்சக்கணக்கில் விலை சொல்லும் வண்டிகளும் இருக்கின்றன. ஐம்பதாயிரம் என்பது அந்த உலகத்தில் நடுத்தர வர்க்கம்.

அவன் கேள்வியில் ஒரு 'ஆனா' இருந்ததே, கவனித்தீர்களா? வேகம் வேண்டும், 'ஆனா' உடம்பு நோகக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை, ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும் என்று பையன் முடிவே கட்டிவிட்டான். அவன் மட்டுமா? நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்துத்தான் கையைச் சுட்டுக்கொண்டேன். அந்தக் கதை அப்புறம். முதலில் 1880-களின் கடைசி வருடங்களில் இருந்த பெல்ஃபாஸ்ட் நகரத்துக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம்.

அங்கே ஜான் பாய்ட் டன்லப் என்று ஒரு மாட்டு வைத்தியர். அவருடைய சின்னப் பையனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள். அப்போதெல்லாம் சக்கரத்தில் கெட்டி ரப்பர்தான். கல் பாவிய தெருவில் ஓட்டினால் பல் ஆடிப்போகும். பிள்ளைக்கு உடம்பு நோகிறதே என்று அப்பாவுக்கு வருத்தம். ரப்பர் குழாய் ஒன்றில் காற்றை அடைத்து, துணியைச் சுற்றி, ஒரு மரச் சக்கரத்தில் பொருத்தினார். அதையும் பழைய கெட்டிச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டுப் பார்த்தார். கெட்டிச் சக்கரம் பாதியிலேயே சாய்ந்துவிட்டது. காற்றுச் சக்கரமோ முற்றம் முழுக்க ஓடி, வாசல் கதவில் மோதித் திரும்பியது!

சொகுசுக்காகச் செய்த பொருள், கேட்காமலே வேகத்தையும் கொடுத்துவிட்டது.

ஆனால், ஊர் நம்புமா? 'இதென்ன, தண்டவாளத்தில் தலையணையா?' என்கிற ரீதியில் சிரித்தார்கள். 1889 மே மாதம் பெல்ஃபாஸ்டில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹியூம் என்பவர் அந்தக் குண்டு டயர் போட்ட வண்டியில் வந்து நின்றார். ரொம்பப் பிரமாதமான வீரர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. கலந்துகொண்ட நான்கு பந்தயங்களிலும் அவர்தான் ஜெயித்தார்! அன்று தோற்றவர்களில் ஹார்வி டு குரோஸ் என்கிற வியாபாரியின் மகன்களும் உண்டு. மகன்கள் தோற்றதில் அப்பா மனம் ஒடிந்துபோகவில்லை. டன்லப்பின் டயரைத் தயாரிக்கக் கம்பெனி தொடங்கிவிட்டார். வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அந்த டயர் கப்பலேறி காவிரிக் கரைக்கும் வந்தது. டெல்டாவின் எந்த சைக்கிள் கடையிலும் சென்ற தலைமுறை ஆட்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த கணக்கு, 'இருபத்தெட்டுக்கு ஒண்ணரை'. அதாவது சக்கரத்தின் விட்டம் 28 அங்குலம், டயரின் அகலம் ஒன்றரை அங்குலம். இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றரை அங்குலத்தில்தான் இந்தக் கட்டுரையே இருக்கிறது.

சுதந்திரத்துக்கு முன்னால் இங்கே ஓடிய நல்ல சைக்கிள்களில் பெரும்பாலானவை இங்கிலாந்துச் சரக்கு. ராலே நாட்டிங்ஹாமிலிருந்து, ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் பர்மிங்ஹாமிலிருந்து. பி.எஸ்.ஏ. என்பதன் விரிவாக்கத்தில் 'ஸ்மால் ஆர்ம்ஸ்' என்று வரும். ஆமாம், துப்பாக்கிக் கம்பெனி! 1949-ல் முருகப்பா குழுமத்தினர் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கைகோத்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அதன் பிறகு ஹெர்குலிஸ் நம்மூர் வண்டியாகிவிட்டது. ராலே வங்காளத்து அசன்சோலில் சென்-ராலே என்ற பெயரில் தயாரானது.

ராலேயா, ஹெர்குலிஸா? தஞ்சை ஜில்லாவின் திண்ணைகளில் இது எம்.ஜி.ஆரா, சிவாஜியா அளவுக்கு ஓடிய விவாதம். ராலே வைத்திருப்பவர் கொஞ்சம் மிடுக்கு. பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், மிராசுதார் வீட்டுப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மிதிக்கவே வேணாம், தானா ஓடும்' என்பார்கள். ஹெர்குலிஸ்காரர் அசர மாட்டார். 'நெல்லு மூட்டையை வெச்சுக் கட்டிக்கிட்டு உன் ராலேல போய்க் காட்டு, பாப்போம்!' இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ.யின் சைக்கிள் பிரிவு 1957-லேயே ராலேயிடம் போய்விட்டது. 1960-ல் அந்த ராலேயையே ஹெர்குலிஸின் முதலாளியான டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வாங்கிவிட்டது. அங்கே எல்லோரும் சம்பந்தியாகி ஒரே பந்தியில் உட்கார்ந்த பிறகும் இங்கே திண்ணையில் சண்டை ஓயவில்லை.

பிராண்டை விடுங்கள். வண்டியின் அமைப்பைப் பாருங்கள். சுமார் இருபது கிலோ இரும்பு. முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து முன்னால் நீண்டிருக்கும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தாராள இடைவெளி. ஸ்பிரிங் வைத்த தோல் சீட். நிமிர்ந்து உட்காரும்படி உயரமான ஹேண்டில்பார். சப்பை ரோடு, மண் ரோடு, ஆற்றங்கரை என்று எதில் விட்டாலும் ஆள் குலுங்காமல் போவதற்கான ஏற்பாடு இது. கல்லணையில் பிரிந்து, பிரிந்த பிறகும் பிரிந்து, விசிறி மாதிரி விரியும் ஆறுகளின் கரைகள்தான் இங்கே அந்தக் காலத்து ஹைவே. வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போகும் காரியஸ்தர், தபால்காரர், பால்காரர் எல்லோரும் அந்தக் கரைகளில்தான் மிதித்தார்கள்.

கியர்? ஒன்றே ஒன்றுதான். என்னிடம் இருக்கும் பழைய வண்டியில் பற்களை எண்ணினேன். முன்னால் 44, பின்னால் 18. ஒரு மிதிக்குச் சுமார் ஐந்தரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது மிதி, அதுவும் அவசரமில்லாத மிதி, போட்டால் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேலேயே வருகிறது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். சட்டை கசங்காமல் போய் இறங்கலாம். மலையே இல்லாத ஊருக்கு இந்த ஒரு கியரே போதுமானதாக இருந்தது.

மேடே இல்லையா என்றால், உண்டு... பாலங்கள்! தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து ஆறுகள். ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு சின்ன ஏற்றம், ஒரு சின்ன இறக்கம். டெல்டாக்காரனின் இமயமலை அவ்வளவுதான்.

இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து போகும் சுகம் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டின் பல கிராமங்களில் சேரியிலிருந்து வருபவர் மேல்சாதித் தெருவுக்குள் நுழையும்போது சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற எழுதாத சட்டம் இருந்தது. சொந்தக் காசில் வாங்கிய வண்டிதான். இருந்தாலும் சீட்டில் உட்கார்ந்தால் தலை உயர்ந்துவிடுகிறதே! வேகமாவது, சொகுசாவது... முதலில் உட்காரவே போராட வேண்டியிருந்தது.

பெண்கள் கதையும் அதேதான். பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை. 1974-ல் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய ஊக்கம் கொடுத்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் வண்டியேறினார்கள். கேலியும் கிண்டலும் வராமலா இருக்கும்? அவர்கள் நிறுத்தவில்லை. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அதில் நம் விஷயத்துக்கு வேண்டிய ஒரு தகவல் உண்டு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். சில பெண்கள் அதைத்தான் விரும்பியே கேட்டார்கள். ஏன் தெரியுமா? சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகும் பார் இருக்கிறதே, அதில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்!

சைக்கிளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் படித்ததிலேயே சிறந்த பாடம் இதுதான். கம்பெனி 'இது உனக்கு' என்று ஒட்டிய லேபிளை அவர்கள் பார்க்கவில்லை. தங்கள் நாளில் அந்த வண்டிக்கு என்ன வேலை என்று பார்த்தார்கள்.

நான் பார்க்கவில்லை! இப்போது என் கதை. பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில், 'இதுதான் சார் ரேஸ் வண்டி' என்று காட்டினார்கள். ஒரு விரலால் தூக்கலாம். டயரின் அகலம் 23 மில்லிமீட்டர். காற்றை அடித்தால் கல் மாதிரி நிற்கும். அந்தக் காலத்துப் பந்தய வீரர்களின் நம்பிக்கை அது. ஒல்லியான, இறுக்கமான டயர்தான் வேகம் என்று. அதைத் திருவையாறு ரோட்டில் விட்டேன். அறுவடைக் காலம். ரோடு முழுக்க நெல்லும் வைக்கோலும் காய்கின்றன. ஓரத்துக்கு ஒதுங்கினால் சீமைக்கருவேல முள். பாலத்துக்குப் பாலம் சாலை சேரும் இடத்தில் ஒரு வெட்டு. வெண்ணாற்றில் முதல் பஞ்சர். வெட்டாற்றுக்குள் உள்ளங்கை மரத்துவிட்டது. குடமுருட்டியில் டீக்கடை பெஞ்சில் நான் படுத்திருந்தபோது, கேரியரில் புல்லுக்கட்டோடு ஒரு பெரியவர் பழைய ஹெர்குலிஸில் என்னைத் தாண்டிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெரியவரின் டயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர்!

விஷயம் எளிமையானது. இறுக்கமான டயர் ஒவ்வொரு சின்னக் கல்லிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்து மேலே தூக்கிப் போடுகிறது. அப்படித் தூக்குவதற்கும் நம் சதையைக் குலுக்குவதற்கும் செலவாவது நாம் மிதித்த சக்திதான். அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் கல்லை டயரே விழுங்கிவிடும். வண்டி முன்னால் போகும். டன்லப்பின் முற்றத்தில் நடந்ததும் இதுதான். பந்தய உலகம் நடுவில் மறந்துபோய், கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில்தான் திரும்பக் கற்றுக்கொண்டது. 23 என்பது 25 ஆகி, இன்று டூர் டி பிரான்ஸிலேயே 28-ம் அதற்கு மேலும் சர்வசாதாரணம். (அதே பந்தயத்தில் 1937 வரை கியர் மாற்றும் டிரெய்லருக்கே அனுமதி கிடையாது. ஊர் சுற்றுகிறவர்கள் அதற்குப் பல வருடம் முன்பே சுகமாகக் கியர் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.)

அப்படியானால் பழைய ஹெர்குலிஸையே வாங்கிவிடலாமே என்றான் மாப்பிள்ளை. கெட்டிக்காரன். ஆனால், காற்று என்று ஒருவன் இருக்கிறான். ஆடி மாதம் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூரைப் பார்த்து மிதித்துப் பாருங்கள். மேல்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். நிமிர்ந்த உடம்பு பாய்மரம் மாதிரி. சமதரையில் வேகத்துக்கு முதல் எதிரி காற்றுதான். அதனால்தான் குனிந்து பிடிக்கும் அந்த ஆட்டுக்கொம்பு.

காற்றை ஏமாற்றுவதிலும் சொகுசே ஜெயித்த ஒரு கதை உண்டு. 1933-ல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர், சாய்வு நாற்காலி மாதிரி படுத்துக்கொண்டு மிதிக்கும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். பத்தொன்பது வருடமாக யாரும் அசைக்காத சாதனை உடைந்தது. சர்வதேச சைக்கிள் சங்கம் என்ன செய்தது? 1934-ல் கூடி, 'இது சைக்கிளே இல்லை' என்று தீர்ப்பு எழுதிவிட்டது! அன்று அந்தக் கதவைச் சாத்தியிருக்காவிட்டால் இன்று என் மருமகன் படுத்துக்கொண்டே திருவையாறு போயிருப்பான்.

அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். முதலில் ஃபோர்க்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் 32 மில்லிமீட்டர் டயர் போகுமா என்று கேள். போகாது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே வந்துவிடு. அடுத்தது ஃப்ரேம் சைஸ். உன் அளவு இல்லையென்றால் தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். சீட்டை ஏற்றியே பொருத்திவிடலாம் என்பார்கள், நம்பாதே. கை எட்டும் தூரம் சீட்டால் சரியாகாது. ஹேண்டில்பார் சீட்டைவிட ரொம்பத் தாழக் கூடாது. மேல்பிடியில் முக்கால்வாசி நேரம், காற்று வரும்போது மட்டும் கீழ்ப்பிடி. சீட் மெத்தை மாதிரி இருப்பது முக்கியமில்லை. இடுப்பெலும்பின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும். இந்த விலையில் அலுமினிய ஃப்ரேம்தான் வரும், அது போதும். கார்பன் ஃபோர்க் கிடைத்தால் நல்லது. ஷிமானோவில் கிளாரிஸ் என்றால் பின்னால் எட்டுப் பல்சக்கரம், சோரா என்றால் ஒன்பது. அந்த ஒன்றுக்காக அதிகப் பணம் கொடுக்காதே. உனக்கு இருப்பது ஐந்து பாலம். மிச்சமாகும் காசில் நல்ல டயர் வாங்கு.

"அப்ப கும்பகோணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் மாமா?"

மணிக்கு 25 போட்டால் ஒரு மணி முப்பத்தாறு நிமிடம். பழைய ராலேயைவிட ஏறக்குறைய அரை மணி நேரம் மிச்சம். ஐம்பதாயிரம் கொடுத்து வாங்குவது அந்த அரை மணியைத்தான். போய் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்த அரை மணி படுத்துக் கிடந்தால் கணக்கு நேராகிவிடும் என்றேன்.

போன வாரம் கடையிலிருந்தே கூப்பிட்டான். "மாமா, முப்பத்திரண்டு போகுமான்னு கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, உள்ளே போய் வேற வண்டிய எடுத்துட்டு வர்றார்!"