மதிப்பெண்ணுக்கு விலை

ஒரு நாட்டின் இடைநிலைக் கல்வி எவ்வளவு திறம்பட நடைபெறுகிறது என்பதை எதனைக் கொண்டு அளப்பது? தேர்வு முடிவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு, அதற்குப் பணத்தையும் பிணைத்துப் பார்த்த நாடு அயர்லாந்து.

பிரித்தானிய நாடாளுமன்றம் 1878இல் அந்நாட்டிற்கென இடைநிலைக் கல்விச் சட்டத்தை இயற்றியது. அயர்லாந்துத் திருச்சபை 1869ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுச் சார்பை இழந்தபின், அதன் சொத்திலிருந்து 10 இலட்சம் பவுன் இதற்கென ஒதுக்கப்பட்டது. அதன் வட்டியைப் பள்ளிகளுக்குப் பகிர்வதில்தான் சிக்கல். பள்ளிகளோ பெரும்பாலும் சமயத்தார் நடத்தியவை. கத்தோலிக்கப் பள்ளிக்கு அரசு நேரே பொருள் வழங்கினால் எதிர்ப்பு எழும். எனவே பொதுத்தேர்வு ஒன்றை வகுத்து, மாணவர் தேர்ச்சிக்கேற்பப் பள்ளி நிருவாகிகளுக்குத் தொகை அளித்தனர். தேர்வுத்தாளுக்குச் சமயம் இல்லையல்லவா! வகுப்பறையைச் சென்று பார்வையிடும் ஏற்பாடு அச்சட்டத்தில் இல்லை.

விளைவை ஊகிப்பது அரிதன்று. தேறக்கூடியவன் வருவாயானான், தேறாதவன் சுமையானான். பள்ளிகள் தம் வெற்றிகளைச் செய்தித்தாள்களில் விளம்பரப்படுத்தின. இலத்தீனுக்கும் கிரேக்கத்திற்கும் 1200 மதிப்பெண்; அயர்லாந்தின் தாய்மொழிக்கோ 'கெல்டிக்' என்னும் பெயரில் 600. மொழியாசிரியர் எவரும் இதனை எளிதில் கடந்து செல்ல இயலாது. 1899இல் பாலசு ஆணையத்தின் முன் டிரினிட்டிக் கல்லூரிப் பேராசிரியர் மகாஃபி அம்மொழியின் கல்வித் தகுதியை மறுக்க, டக்ளசு ஹைடு அதற்காக வாதிட்டார்.

ஆயினும் ஈண்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆண்பிள்ளைகளை மட்டுமே கருதி வரையப்பட்ட அச்சட்டத்தில், இசபெல்லா டாட், மார்கரெட் பையர்சு ஆகியோரின் முயற்சியால் பெண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். எழுதியவர் முகம் பாராத அத்தேர்வு, பெண்களுக்குக் கணிதமும் இலத்தீனும் ஏறாது என்ற பேச்சைப் பொய்யாக்கியது. பல்கலைக்கழக வாயிலும் அவர்களுக்கு இவ்வழியே நெருங்கி வந்தது. பல்லாண்டு விடைத்தாள் திருத்திய எனக்கு, இவ்வரலாற்றை முற்றிலும் வெறுக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

1900இல் சட்டம் திருத்தப்பட்டும் முடிவுக்கேற்ற பணம் முற்றிலும் நீங்கவில்லை. 1908இல் தாமே பள்ளி தொடங்கிய பாட்ரிக் பியர்சு, அக்கல்விமுறையைக் 'கொலைப்பொறி' என்று பெயரிட்டு 1916இல் நூல் வெளியிட்டார். அவ்வாண்டே ஈசுட்டர் எழுச்சியின்பின் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலை பெற்ற அரசு 1924இல் அம்முறையை நீக்கியது. தேர்ச்சிக்கு மாறாக, பள்ளிக்கு வரும் மாணவர் தலைக்கு இவ்வளவு என மானியம் வழங்கப்படலாயிற்று.