இருட்டில் கிடந்த பாம்பு

குகைக்குள்ளே ஒருவன் மல்லாந்து படுத்திருக்கிறான். எழுந்து நிற்க இடமில்லை. முகத்துக்கு நேரே ஈரக் களிமண் படிந்த கற்கூரை. கையிலே விளக்கு, கண்ணிலே ஆர்வம். பார்க்கிறான். ஏதோ சில கீறல்கள், அவ்வளவே தெரிகின்றன. ஆனால் அவன் தலைக்கு மேலே பதினோரடி நீளப் பாம்பு ஒன்று நெளிந்து கிடக்கிறது! ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கிறது!

புராணிகர் புளுகல்ல இது, தோழர்களே! அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் வடபகுதியில் உள்ள ஒரு குகையின் உண்மை. ‘பெயரிடப்படாத 19-ஆம் குகை’ என்றே ஆய்வாளர் அதனை வழங்குகின்றனர். இடம் வெளியே தெரிந்தால் பாழ்படுத்துவோர் புகுந்துவிடுவர் என்பதால், பெயரை மறைத்து எண்ணைச் சூட்டியிருக்கின்றனர். அங்கே சிறு உருவங்கள் பல கீறப்பட்டிருப்பது 1990-களின் இறுதியிலேயே தெரிந்தது. பெரிய உருவங்கள் மட்டும் தெரியவில்லை. ஏன்?

பெரியவையாக இருந்ததே காரணம்! கோடுகளோ மெல்லியவை, கூரையோ தாழ்ந்தது. விலகி நின்று முழுமையைக் காண வழியில்லை. மூக்கு முட்டும்படி நின்றால் சுவரொட்டியின் எழுத்தைக்கூடப் படிக்க இயலாதே!

வழி கண்டனர் ஜான் சைமெக், ஸ்டீபன் ஆல்வரெஸ், ஆலன் கிரெஸ்லர் ஆகிய மூவர். அவர்கள் கூரையைச் சுரண்டவில்லை, தரையைத் தோண்டவில்லை. நிழற்படம் எடுத்தனர். ஒன்றன் ஓரம் மற்றொன்றில் அடங்கும்படி, 16,000 படங்கள்!

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், கை தடுமாறும். இரு கண்கள் இரு கோணங்களில் காண்பதால்தான் தொலைவும் ஆழமும் நமக்குப் புலனாகின்றன. அதே விதிதான் இங்கும். கூரையில் உள்ள ஒரே புள்ளி பல படங்களில் பதிந்திருக்கும். ஒவ்வொரு படமும் எங்கிருந்து, எக்கோணத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் கணிப்பொறி கணக்கிடுகிறது. அக்கோணங்களைக் கொண்டு அப்புள்ளி இருக்கும் இடத்தை நிறுவுகிறது. புள்ளிகள் சேரச் சேர, நீளம், அகலம், ஆழம் மூன்றும் அமைந்த குகையின் படிவம் எழுகிறது. அந்தப் படிவத்தில் தரையைத் தாழ்த்தலாம். வேண்டிய திசையிலிருந்து ஒளியைப் பாய்ச்சலாம். உண்மைக் குகையின் ஒரு துளி மண்ணுக்கும் ஊறு நேராது.

தரையைத் தாழ்த்தினர், கூரை பேசிற்று! மனித வடிவங்கள் மூன்று. பாம்பின் வாலோடு சுழலும் புதிரான உருவம் ஒன்று. வாலிலே கிலுகிலுப்பை ஒலிக்கும் அந்நாட்டு நச்சுப்பாம்பின் உருவம் மற்றொன்று. அதன் நீளம் 3.37 மீட்டர். வட அமெரிக்கக் குகைகளில் அறியப்பட்ட உருவங்களில் மிகப் பெரியவற்றுள் இவை அடங்கும். இச்செய்தி 2022-இல் ‘ஆண்டிக்விட்டி’ எனும் ஆய்விதழில் வெளிவந்தது. கரியின் காலத்தையும் பானை ஓடுகளையும் ஆராய்ந்து, கி.பி. முதல் ஆயிரம் ஆண்டுகளுக்குள் இவை கீறப்பட்டவை என்று முடிவு செய்தனர்.

கீறியவர் யார்? அம்மண்ணின் பழங்குடி மக்களின் முன்னோர்! வெள்ளையர் கால்வைக்குமுன் அந்நிலத்தில் வாழ்ந்தவர்கள். தீப்பந்தம் ஏந்தி இருளுக்குள் புகுந்து, தாமே முழுமையாக விலகி நின்று காண முடியாத உருவத்தை, மனத்திலே முழுமையாகக் கண்டு, கையிலே வடித்தவர்கள்.

இவர்களைப் பற்றித்தான் ஆதிக்கக்காரர்கள் வேறு கதை கட்டினர். அமெரிக்க நிலமெங்கும் காணப்பட்ட மாபெரும் மண்மேடுகளை அம்மக்களின் முன்னோர் எழுப்பியிருக்க முடியாதாம்! மறைந்துபோன வேறோர் உயர்ந்த இனம் எழுப்பியதாம்! கதையோடு நின்றதா? 1830-இல் பழங்குடியினரை அவர்தம் நிலத்திலிருந்து அகற்றும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் கையொப்பமிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் காங்கிரசுக்கு விடுத்த செய்தியில், அந்த ‘மறைந்த இனத்தை’ச் சுட்டிக்காட்டியே தம் கொள்கைக்கு நியாயம் கற்பித்தார். பொய்வரலாறு ஏட்டிலே பிறந்தது. ஏழையின் வீட்டை இடித்தது!

இன்னொரு குகையையும் கேளுங்கள். அதே அலபாமாவில் உள்ள மேனிட்டூ குகையின் சுவரில் செரோக்கி மக்கள் 1828-இல் தம் சொந்த எழுத்திலே எழுதி வைத்திருக்கின்றனர். செக்குவோயா என்பவர் ஆக்கி அளித்த எழுத்து அது. எழுத்தும் ஏடும் கொண்ட அந்த மக்களைப் பத்தே ஆண்டுகளில், 1838-இல், படைகொண்டு விரட்டினர். மேற்கு நோக்கிய அந்த நெடும்பயணத்தில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பது கணிப்பு. அதன்பின், 1894-இல், மண்மேடுகளை எழுப்பியோர் பழங்குடியினரின் முன்னோரே என்று சைரஸ் தாமஸ் சான்றுகளோடு மெய்ப்பித்தார். மெய் வந்தது; மாண்டவர் வரவில்லை.

ஆகவேதான் சொல்கிறேன்: சான்றைத் தேடும் தொழில் வெறும் பொழுதுபோக்கன்று. காலந்தாழ்ந்த உண்மைக்கு உயிர்களே விலையாகின்றன.

ஒன்றையும் மறக்க வேண்டாம். அந்த உருவங்களின் பொருள் இன்னதென்று ஆய்வாளர் அடித்துச் சொல்லவில்லை. கண்டதைக் கண்டபடி உரைத்தனர். காணாததைக் கற்பனையால் நிரப்பவில்லை. அதுதான் அறிவின் நாணயம். மாற்றான் கதையை மறுக்கும்போது மட்டுமல்ல, நம் பழம்பெருமையைப் பேசும்போதும் அந்த நாணயம் நமக்கு வேண்டும். சான்றோடு பேசுவோம், சான்று கிட்டும்வரை தேடுவோம். பொய்யை விரட்டப் பொய்யை ஏவினால், வெல்வது பொய்தானே!

தோழனே! தலைக்கு மேலேயே இருந்தும் தெரியாமலிருந்தது அந்தப் பாம்பு. விளக்கு இருந்தது, கண் இருந்தது, போதவில்லை. பல கோணங்களில் பார்த்தபோதுதான் தெரிந்தது. நமக்குக் கற்பிக்கப்பட்ட வரலாற்றையும் அப்படிப் பார்க்கத் தொடங்கு!