நன்னீர் இறால் குஞ்சு உற்பத்தி: தீவனமும் தண்ணீரும்

நன்னீர் இறால் ஆற்றிலும் குளத்திலும் வளரக்கூடியது. ஆனால், முட்டையிலிருந்து வெளிவரும் அதன் லார்வாக்கள் உவர்நீர் இருந்தால்தான் பிழைக்கும். 1961-ல் மலேசியாவின் பினாங்கில் ஷாவோ வென் லிங் இதைக் கண்டறிந்த பிறகே பொரிப்பகங்களில் குஞ்சு உற்பத்தி சாத்தியமாயிற்று.

தண்ணீர் தயாரிப்பு

கடல்நீர் ஒரு பங்கு, நன்னீர் இரண்டு பங்கு எனக் கலந்தால், லிட்டருக்கு 12 கிராம் அளவில் உப்புள்ள தண்ணீர் கிடைக்கும். குளோரின் இட்டுக் கிருமி நீக்கிய பின், அந்தக் குளோரின் முழுவதும் வெளியேறும் வரை காற்றுச் செலுத்த வேண்டும். வெப்பநிலை 28 முதல் 31 டிகிரி செல்சியஸ், கார அமில நிலை 7 முதல் 8.5 வரை இருப்பது நல்லது.

தீவனம்

முதல் நாள் லார்வாவுக்கு உடலிலுள்ள கருவுணவே போதும். மறுநாள் முதல், புதிதாகப் பொரித்த ஆர்டீமியா குஞ்சுகளைக் கொடுக்க வேண்டும். ஆர்டீமியா முட்டைகள் உப்புநீரில் சுமார் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். முட்டை ஓடுகளை நீக்கிவிட்டே கொடுக்க வேண்டும். ஓடு செரிக்காது, குடலை அடைத்துவிடும்.

லார்வாக்கள் சற்று வளர்ந்ததும், முட்டை, பால் பவுடர், மீன் அல்லது கணவாய் இறைச்சி சேர்த்து ஆவியில் வேகவைத்த உணவைச் சல்லடையில் தேய்த்துப் பொடித் துகள்களாகப் பகலில் கொடுக்கலாம். மாலையில் ஆர்டீமியா கொடுக்கலாம். லார்வாக்கள் இரையைத் தேடிப் போவதில்லை. எனவே, தீவனம் அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும்படி காற்றோட்டம் தேவை.

மிச்சத் தீவனமே எதிரி

தின்னாமல் விட்ட தீவனம் அழுகினால் அம்மோனியா பெருகும், ஆக்சிஜன் குறையும். ஒரு மாத உழைப்பு ஒரே இரவில் வீணாகிவிடலாம். எனவே, தினமும் காற்றைச் சிறிது நேரம் நிறுத்தி, அடியில் படிந்த கழிவைக் குழாய் மூலம் உறிஞ்சி எடுக்க வேண்டும். பின்பு பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். புதிய தண்ணீரின் உப்பும் வெப்பமும் பழைய தண்ணீரோடு ஒத்திருப்பது அவசியம். முந்தைய வேளைத் தீவனம் மீதமிருந்தால் அடுத்த வேளை அளவைக் குறைக்க வேண்டும். அளவை முடிவு செய்ய வேண்டியது அட்டவணை அல்ல, தொட்டியே.

குஞ்சாக மாறும் நாள்

லார்வாக்கள் 11 பருவங்களைக் கடந்து, பொதுவாக 25 முதல் 35 நாட்களில் குஞ்சுகளாகின்றன. அதுவரை தலைகீழாக நீந்தியவை நிமிர்ந்து நீந்தும், தொட்டியின் அடியிலும் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு நன்னீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சுமார் 12 மணி நேரத்தில் அவற்றை முழுமையாக நன்னீருக்குப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் கடைசி நாளிலும் இழப்பு ஏற்படும்.